பிளேனுக்கு நிற்காத பிரசங்கம்

என் ராசாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். எந்த ஊரில் இருப்பாயோ, என்ன வேலை பார்ப்பாயோ, உனக்கும் ஒரு பிள்ளை பிறந்திருக்குமோ, எதுவும் எனக்குத் தெரியாது. இப்போது உனக்குப் பதினோரு மாதம். என் எதிரே தரையில் உட்கார்ந்து, நான் எழுதும் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாய். கொடுக்காவிட்டால் கத்துகிறாய். உன் தொண்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதனால் கத்து, பரவாயில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. நீ இதைப் படிக்கிற அன்று, எழுதுகிற எனக்கு இன்று இருக்கும் வயதைவிட உன் வயது கூடுதலாகவே இருக்கும். பெரியவனாகிவிட்ட உனக்கு, உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு படி. அப்போதுதான் கொஞ்சம் மன்னிக்கத் தோன்றும்.

இதை எழுதச் சொன்னது எங்கள் பங்கு ஃபாதர். திருவிழா மலரில் போடுவதற்காக, இந்த வருடம் முதல் பிள்ளை பெற்ற குடும்பங்கள் எல்லாம் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று பூசையில் அறிவித்தார். மற்றவர்கள் ஆண்டவருக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் நன்றி என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நடந்ததைச் சொல்லாமல் வெறும் நன்றி சொன்னால் அது பொய் மாதிரி இருந்தது. உன் அம்மாவுக்குப் பேச வாய் வராது, அதைத் தெரிந்துகொள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, எழுந்து மட்டும் நிற்பேன். டீச்சர் பார்க்காமல் போய் ஆப்சென்ட் போட்டுவிடுவார். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். என் அம்மா வேலைக்குப் போனதால் ஊரப்பாக்கம் வீட்டில் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதன் பிறகு தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டினேன். சுற்றிலும் நாற்பது பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் நூல் வெட்டிக்கொண்டே இருப்பேன். எழுதுவது என்றால் மட்டும் எனக்குப் பயமில்லை. தாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்ப்பது என்றேனே, அங்கிருந்தே சொல்கிறேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அனகாபுத்தூருக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த ஒரே இடம் நம் கோயில்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே நுழைந்தால் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், நடுவில் சிவப்புச் சிமெண்ட் பாதை. யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை, எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். என் குரல் யாருக்கும் தனியாகக் கேட்காது, ஆனால் நானும் பாடுவேன். கல்யாணமான புதிதில் அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உன்னிடம் சொன்னால் புரியுமோ தெரியவில்லை. நீ உன் அப்பா மாதிரி இருந்தால் புரியாது, அவர் யாரோடும் பேசுவார்.

நீ பிறந்து, உனக்கு ஞானஸ்நானம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். பிரசங்கம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நீ அழ ஆரம்பித்தாய். உன் அழுகை சின்னக் குழந்தையின் அழுகை இல்லை, ஆலைச் சங்கு. ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நீ முடிப்பதற்காகக் காத்திருந்தார். கோயில் முழுக்க அமைதி. அந்த அமைதியில் நீ ஒருவன்தான் கத்துகிறாய். எப்போதும் முன் வரிசையில் உட்காரும் எங்கள் பங்கு டீச்சரம்மா ஒருவர் திரும்பினார், அவர் திரும்பியதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் திரும்பினார்கள். நீ என் தலை முக்காட்டைப் பிடித்து இழுத்ததில் அது தோளில் விழுந்துவிட்டது. நான் உன்னை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலைத் தாண்டியதும் உள்ளே ஃபாதர் குரல் மறுபடி ஆரம்பித்தது. சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், குழாயடியில் நின்றுகொண்டு மிச்சப் பூசையைக் கேட்டேன்.

அதன் பிறகு வாராவாரம் இதேதான். நீ அழுவாய், ஃபாதர் நிறுத்துவார், தலைகள் திரும்பும், நான் ஓடுவேன். இதில் ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்தில் கிளம்பும் பிளேன் நம் கோயில் தலைக்கு மேலேதான் போகும். அது போகும்போது கூரை அதிரும், மெழுகுவர்த்தி ஸ்டாண்டு ஆடும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதற்கு ஃபாதர் நிறுத்தவே மாட்டார். குரலை ஏற்றி, அது போகும்வரை கத்திப் பேசி, போனதும் குரலை இறக்கிக்கொள்வார். பாதிப் பேருக்குப் பாதி வாக்கியம் கேட்காது, யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். குழாயடியில் நின்றுகொண்டு இதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

உன் அப்பா அப்போது எங்கே இருந்தார் என்று கேட்பாய். வலது பக்கம், நாலாவது வரிசை. குரோம்பேட்டைத் தோல் கம்பெனியில் வாரம் ஆறு நாள் நின்று வேலை செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் உன்னைக் கீழே விடமாட்டார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உன்னை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். எல்லா ஆண்களும் அப்படித்தான். பிள்ளை பெண்கள் பக்கத்துக்கு உரியது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, வேறு மாதிரி யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை மாதிரியே இன்னும் மூன்று பேர் குழாயடிக்கு வர ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து சூசை சாருக்கு மனசு கேட்கவில்லை. அவர் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், பங்குப் பேரவைக்குச் செயலாளர். கோயிலில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் அவர்தான் ஏணி பிடிக்க வேண்டும். தாய்மார்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று, கோயில் பக்கவாட்டில் தானே நின்று ஒரு கீற்றுக் கொட்டகை போட வைத்தார். பாய் விரித்தார், பானையில் தண்ணீர் வைத்தார். பூசை கேட்க வேண்டுமே என்று, திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கொட்டகைக் கழியில் கட்டிவைத்தார். "இனிமே எங்க பங்குல தாய்மாருங்களுக்குத் தனி இடம்" என்று அந்த வாரம் பூசை முடிவில் அறிவித்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் நாலு பேர் நாலு பிள்ளைகளோடு கொட்டகையில் உட்கார்ந்தோம். நாலும் தூங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஃபாதர் மைக்கைத் தட்டி 'பிதா, சுதன்' என்று ஆரம்பித்தார். எங்கள் தலைக்கு மேலே ஸ்பீக்கர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது பார், நாலு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன. எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் எங்கள் நாலு பேரில் ஒருத்தி, மூன்று பெற்று நாலாவதைக் கையில் வைத்திருப்பவள்.

"இன்னா பொண்ணே இது, பூசை நமக்குக் கேக்கணும்னு ஸ்பீக்கர் கட்னாரா, நம்ம புள்ளைங்க கத்தறது சாமிக்குக் கேக்கணும்னு கட்னாரா?" என்றாள்.

சூசை சார் உள்ளிருந்து ஓடி வந்தார். "இன்னாம்மா, சவுண்டு பத்தலையா?"

"பத்தலண்ணே, இன்னொண்ணு கட்டுங்க, பல்லாவரம் வரிக்கும் கேக்கட்டும்."

அவர் அதை நிஜமென்று நினைத்துக்கொண்டு தலையாட்டியபடி போனார். நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அன்று சிரித்தேனே தவிர, அடுத்தடுத்த வாரங்களில் சிரிப்பு வரவில்லை. நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், வாங்கப் போகும் நேரத்தில் ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். முறை வைத்துக்கொண்டு நாங்கள் போவதற்குள் ஃபாதர் அப்பம் வைக்கும் பேழையை மூடிவிடுவார். மழைக்காலம் வந்ததும் கீற்று ஒழுகியது. தப்பித் தவறி நான் உள்ளே போய் உட்கார்ந்தால், "உங்களுக்குத்தான் தனி இடம் கீதே, அங்க போய் ஃப்ரீயா இரும்மா" என்று அன்பாகவே சொல்வார்கள். குழாயடியில் நின்றபோது கோயிலுக்குள் திரும்பி வரலாம் என்ற நினைப்பாவது இருந்தது. எனக்கென்று ஓர் இடம் கொடுத்த பிறகு அதுவும் போய்விட்டது. சூசை சாரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு எங்கள்மேல் கருணைதான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

இப்போது நான் சொல்லப் பயப்படுகிற இடம் வந்துவிட்டது. உனக்கு ஏழு மாதம் இருக்கும்போது, வழக்கமாகப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் ஊரில் இல்லை என்று சூசை சார் உன் அப்பாவிடம் வாசிக்கச் சொன்னார். உன் அப்பா எட்டாவது வரைதான் படித்தவர். வாழ்க்கையில் முதல்முறையாக மைக் முன்னால் நின்று வாசிக்கப் போகிறார். ஒரு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. தோல் கம்பெனியில் இருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு, உன்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, உன் எதிரில் நின்று வாசிப்பார். அதில் ஒரு ஊர்ப் பெயர் அவர் வாயில் நுழையவே இல்லை. ஒவ்வொரு தடவை தடுமாறும்போதும் நீ கெக்கெக்கே என்று சிரித்தாய். "சிரிக்கிற இல்ல, சண்டே வா, ஒன்ன வச்சிக்கிறேன்" என்பார். அந்த வாசகம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் அதை வாசிப்பதை ஸ்பீக்கரில் கேட்காமல், உள்ளே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நான் அதற்கு முன் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். "அதுக்கு இன்னா, சளி மருந்து கீதா? ஒரு ஸ்பூன் ஊத்து, அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கும். எங்க வூட்ல மூணும் அப்படி வளந்ததுதான்" என்றாள். அதற்கு முந்தின மாதம் உனக்குச் சளி பிடித்தபோது வாங்கிய மருந்து அலமாரியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். ஆரஞ்சு வாசனை, நீ சப்புக் கொட்டிக் குடித்தாய். கிளம்பும் நேரம் ஆகியும் நீ தூங்கவில்லை, கையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாய். உன் அப்பா முன்னாலேயே போய்விட்டார். நான் இன்னொரு ஸ்பூன் கொடுத்தேன். அந்த இரண்டாவது ஸ்பூனை யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, அது நானாகக் கொடுத்தது.

நீ தூங்கினாய். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். உன் அப்பா வாசித்தார். அந்த ஊர்ப் பெயர் வந்த இடத்தில் நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன், அவர் தடங்கலே இல்லாமல் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகும் முன் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லாம். பிரசங்கம் நடந்தது, யாரும் திரும்பவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது டீச்சரம்மா உன் கன்னத்தைத் தொட்டு, "இன்னிக்கு எவ்வளவு சமத்தா இருந்தான் பாரு, இப்படித்தான் பழக்கணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது ராசா. அதையும் எழுதிவிடுகிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பால் கொடுக்க எழுப்பினேன், எழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். காலைத் தட்டினேன். தலை என் கையில் ஈரத் துணி மாதிரி தொங்கியது. உன் அப்பா உன்னை வாரி எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு பம்மல் ஆஸ்பத்திரி வரை ஓடினார், நான் பின்னால் செருப்பில்லாமல் ஓடினேன். டாக்டரம்மா உன் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். உன் உயிர் போய்விடுமோ என்ற நேரத்திலும் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அவர் என் தோளைப் பிடித்து, "உன்னைத் திட்டறதுக்குக் கேக்கல, எனக்குத் தெரியணும், சீக்கிரம் சொல்லு" என்றார். அப்போதுதான் சொன்னேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ வளர்ந்து எத்தனை தவறு செய்தாலும், அந்த மாதிரி ஒரு பார்வையை நீ யாரிடமிருந்தும் வாங்க வேண்டாம். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை உன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு மேல் நீ முகத்தைச் சுளித்து, மெதுவாக முனகினாய். பிறகு சத்தமாக அழுதாய். அந்த ஆலைச் சங்கைக் கேட்டு டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் உன் அப்பா உன்னைக் கீழே விடாமல் தோளிலேயே வைத்திருந்தார். பிறகு, "நான் படிக்கிறத பாக்கணும்னுதானா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "கோயில்ல எத்தினியோ புள்ளைங்க அழுவுது. இவன் அழுதா மட்டும் எனக்குத் தெரியும். வாரா வாரம் அந்தப் பக்கம் உக்காந்துகினு, யார் வூட்டுப் புள்ளையோன்னு நேரா பாத்துகினு இருந்தேன். நீ எழுந்து போறதும் தெரியும்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, இரண்டு நாள் கழித்து ஃபாதர் வீட்டுக்கு வந்தார். ஒயர் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உன்னை மடியில் வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை கோயில்ல என்ன அழகா தூங்கினான்! அப்பவே காய்ச்சல் இருந்திருக்குமோ?" என்றார். உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஃபாதருக்குப் பதில் சொல்ல என்னைத் தவிர யாரும் இல்லை. ஆமாம் காய்ச்சல்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன்னைப் பார்த்தேன். நீ அவர் அங்கியின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாய்.

"காய்ச்சல் இல்ல ஃபாதர். மருந்து குடுத்து நான்தான் தூங்க வச்சேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"இவன் அழுதா நீங்க நிறுத்திடுவீங்க ஃபாதர். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"ஐயோ, அது உனக்காகத்தானேம்மா. பிள்ளையைச் சமாதானப்படுத்த உனக்கு டைம் கிடைக்கட்டும்னு நிறுத்துவேன். நீ பிரசங்கத்த விட்டுடக் கூடாதுன்னு."

அவர் சொன்னது உண்மை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இத்தனை மாதமாக நான் தண்டனை என்று நினைத்தது அவருக்கு மரியாதை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பிளேன் போனா நீங்க நிறுத்த மாட்டீங்களே ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். காபி கொடுத்தேன், குடித்தார். உனக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு நான் கொட்டகைக்குப் போகவில்லை. உள்ளே, பெண்கள் பக்கம், பாதையை ஒட்டி உட்கார்ந்தேன். பிரசங்கம் பாதியில் நீ ஆரம்பித்தாய். ஃபாதர் வாய் மூடியதைப் பார்த்தேன், பழக்க தோஷம். தலைகள் திரும்பின. நான் எழுந்திருக்க முந்தானையைச் சரிசெய்தேன். அதற்குள் ஃபாதர் மைக்கை நெருங்கி, குரலை ஏற்றி, பிளேன் போகும்போது பேசுவது மாதிரியே கத்திப் பேச ஆரம்பித்தார். மேலே பிளேன் எதுவும் இல்லை. பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போது வலது பக்கம் நாலாவது வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை எழுந்தது. உன் அப்பா நடுப்பாதையைத் தாண்டி, பெண்கள் பக்கம் வந்து, என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

என்னைப் பார்த்துத் தானும் கொட்டகையை விட்டு உள்ளே வந்திருந்த ஸ்டெல்லா அக்கா பின்னாலிருந்து, "இன்னாப்பா, வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துட்ட?" என்றாள்.

"புள்ள கூப்புட்டான்க்கா" என்றார்.

உன்னைத் தூக்கிக்கொண்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார். நீ சுற்றியிருந்த மெழுகுவர்த்திகளைப் பார்த்து வாயைப் பிளந்தாய். பிரசங்கத்தின் மிச்சத்தை நான் முழுதாகக் கேட்டேன். என்ன சொன்னார் என்று இன்று நினைவில்லை.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் மலரில் படிப்பவர்கள் சிரிப்பார்கள். டீச்சரம்மா இன்னும் திரும்புகிறார். வலது பக்கத்தில் இருந்து கிண்டல் வருகிறது, உன் அப்பாவுக்கு 'ஆயா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே நேரம், வைத்தவர்களில் இரண்டு பேர் இப்போது பிள்ளையோடு தூணடியில் நிற்கிறார்கள். பாவம் சூசை சார்தான், காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்தார். நான் போய், பாய்களை உள்ளே போடலாமா சார் என்று கேட்டேன். "உள்ள எங்கம்மா போடறது?" என்றார். முன்னால் போடலாம், பிள்ளைகளுக்குப் பீடம் தெரிந்தால் கொஞ்சம் கம்மியாக அழுவார்கள் என்றேன். மறுவாரம் பீடத்துக்கு எதிரே, டீச்சரம்மாவுக்கும் முன்னால், அவரே பாய் விரித்து வைத்திருந்தார். அதில் யார் எந்தப் பக்கம் என்று கணக்கில்லை. ஸ்பீக்கரை மட்டும் அவர் கழற்ற மறந்துவிட்டார், அது இன்னும் காலிக் கொட்டகைக்குப் பூசை சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீ பெரியவனாகி ஏதோ ஒரு கோயிலில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழும். திரும்பாதே. திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் சிரித்துக்கொண்டு திரும்பு, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடு. பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நல்லது செய்ய நினைத்தால், செய்யும் முன் அவர்களிடம் கேள். அவர்கள் கூச்சப்பட்டுப் பேசாமல் நின்றால், இரண்டாவது தடவையும் கேள். அழுவது உன் பிள்ளை என்றால் யார் என்ன பெயர் வைத்தாலும் எழுந்து போ. உன் மனைவி வெளியே நடப்பதை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. இதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரிந்த புத்திமதி எதுவும் இல்லை. மருந்து விஷயத்தை எழுதலாமா என்று ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். "எழுது, என் பேரப் போட்டே எழுது. இன்னொருத்தி அத்த செய்யாம இருந்தா சரி" என்றாள். அன்றிலிருந்து அவள் என் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் முதலில் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முன் பாயில் என் மடியில் இருந்தாய். பிரசங்கம் தொடங்கியதும் நீயாகவே தூங்கிப்போனாய். நல்ல தூக்கம், தலை என் கையில் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சமத்து என்று சிரித்தார்கள். உன் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு சூடாக வந்தது. நெஞ்சில் கை வைத்தேன், ஏறி இறங்கியது. அப்படியும் மனம் கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது உன் பாதத்தில் லேசாகக் கிள்ளினேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உதட்டைப் பிதுக்கினாய். பிறகு கோயில் கூரை முழுக்க நிறைகிற மாதிரி அழுதாய். ஃபாதர் குரலை ஏற்றினார். எனக்குப் பின்னால் சிவப்புச் சிமெண்டில் உன் அப்பா நடந்து வரும் காலடி கேட்டது.

உன்னை ஒருமுறை தூங்க வைத்து, ஒருமுறை எழுப்பிய
உன் அம்மா